499 ரூபாய் அகராதியும் ‘லீட்’ என்ற ஒரு சொல்லும்

தேங்காய் வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்போம், வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்ப்போம். அகராதி என்றால் நான் ‘லீட்’ என்ற சொல்லைப் போட்டுப் பார்ப்பேன். எல், இ, ஏ, டி, நாலே எழுத்து. முன்னால் போவது, முன்னால் இருப்பது, தலைமை தாங்குவது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் இதற்கு ஒழுங்காகப் பொருள் சொல்லிவிட்ட அகராதி வேறு இடத்தில் பெரிதாகக் கவிழ்த்துவிடாது என்பது இருபது வருட மொழிபெயர்ப்பு வேலையில் நான் கண்டது. சொதப்புகிற அகராதி இந்த இடத்திலேயே சொதப்பிவிடும்.

இந்தப் பொங்கல் தள்ளுபடியில் 999 ரூபாய் ஆப் ஒன்று 499க்கு வந்தது, ஒரு வருடச் சந்தா. ஆங்கிலம்–தமிழ், தமிழ்–ஆங்கிலம் இரண்டு பக்கமும் உண்டு, முழு வாக்கியத்தைக் கொடுத்தாலும் மொழிபெயர்க்கும், நெட் இல்லாமலும் ஓடும் என்று போட்டிருந்தார்கள். வாங்கிவிட்டேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இதற்கு முன்னால் காசு கொடுத்தும் கொடுக்காமலும் வைத்திருந்த மூன்று ஆப்களிலும் இதே வியாதிதான், ஒருவரை மட்டும் சந்திக்கு இழுப்பானேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், வெள்ளெழுத்துக் கண்ணாடியை மாட்டாமலே படிக்க முடிகிறது. மதுரையிலிருந்து சென்னை போகும் ரயிலில் சிக்னல் அறவே இல்லாத இடத்திலும் திறக்கிறது. விளம்பரம் கிடையாது. தேடிய சொற்களைத் தேதிவாரியாகச் சேர்த்து வைக்கிறது, இது எனக்கு ரொம்பப் பிடித்தது, மார்ச்சில் என்ன வேலை செய்தேன் என்பது அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

சரி, ‘லீட்’ போட்டேன். தலைமை, வழிநடத்து, ஈயம், முன்னிலை, முன்னணி, இட்டுச்செல், நாய்க்கயிறு, மின்கம்பி, முதன்மை, துப்பு என்று வரிசையாகக் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் கொட்டியது. ஒன்றுகூடத் தப்பில்லை, அதுதான் வேடிக்கை. கல்யாண வீட்டில் சமையல்காரர் அரிசி, பருப்பு, முந்திரி, உப்பு எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டி ‘இந்தாங்க, எல்லாம் இருக்கு, எடுத்துக்குங்க’ என்றால் எப்படி இருக்கும்.

முதலில் இது ஒரு சொல்லே இல்லை, இரண்டு சொல். முன்னால் போகும் ‘லீட்’ வேறு, உலோகமான ‘லெட்’ வேறு. பழைய ஆங்கிலத்திலேயே இரண்டும் தனித்தனியாக இருந்தவை, உறவே கிடையாது, எழுத்தில் மட்டும் இன்றைக்கு ஒரே முகம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரித் தெரிவார்கள், விசாரித்தால் வேறு வேறு தாய். ஒரு நல்ல அகராதி இதை முதல் வரியிலேயே பிரித்துப் போடும். இந்த ஆப் பிரிக்கவில்லை, ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் ஈயத்துக்கும் ‘லீட்’ என்றே வாசிக்கிறது. பெட்ரோல் பங்குகளில் ஒரு காலத்தில் ‘அன்லெடட்’ என்று எழுதி வைத்திருப்பார்களே, 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையே நின்றுபோனது, அதைப் பற்றிய ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் பார்த்தேன், ‘தலைமையற்ற பெட்ரோல்’ என்று வந்தது. சிரித்துவிட்டு மகளுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன்.

எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. அண்ணன் மகள் பெங்களூரில் புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கிறாள், அண்ணி ஒரு ஈயச் சொம்பு கொடுத்து அனுப்பியிருந்தார். என்னிடம் கேட்டு அவளும் இதே ஆப்பைப் போட்டிருந்தாள். ஒரு ராத்திரி போன், “அத்தை, இது லெட்டாமே, இதுல ரசம் வெச்சா விஷமாமே, தூக்கிப் போட்டுடவா?” ஆப்பில் ‘ஈயச் சொம்பு’ என்று தமிழில் கொடுத்திருக்கிறாள், அது ‘லெட்’ பாத்திரம் என்று சொல்லியிருக்கிறது. ரசத்துக்கு வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், ஆங்கிலத்தில் ‘டின்’. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயம்தான். உடம்புக்கு ஆகாத ‘லெட்’ காரீயம். தமிழில் இரண்டையும் வெறும் ‘ஈயம்’ என்று சுருக்கிச் சொல்கிற பழக்கம் இருக்கிறது, அந்த இடத்தில்தான் அகராதி நமக்குக் கை கொடுக்க வேண்டும். தெரிந்த கடையில் வாங்கியதா என்று கேட்டேன், கும்பகோணத்தில் அண்ணி கண் முன்னால் எடை போட்டு வாங்கியதுதான் என்றாள், சரி, ரசத்தை ஊற்றிவிட்டு அடுப்பில் வை, வெறும் சொம்பை வைத்தால் உருகி ஓடிவிடும், வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும் என்று சொல்லி வைத்தேன். மறுநாள் ரசத்தைப் படம் எடுத்து அனுப்பினாள், பெருங்காயம் தூக்கல் என்று பார்த்தாலே தெரிந்தது.

உலோகத்தை விட்டு ‘முன்னால் இருப்பது’ என்ற பொருளுக்கு வருகிறேன், எனக்கு வேலை வருவதே அதில்தான். ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று விதமான முன்னாலைச் சொல்லிவிடுகிறார்கள். இந்த நிமிஷம் யார் முன்னால், யாருக்குக் கீழே மற்றவர்கள், எல்லாவற்றிலும் எது பெரியது. தமிழில் முதலாவது முன்னிலை, இரண்டாவது தலைமை, மூன்றாவது முதன்மை. ஓட்டு எண்ணும் நாளில் ஒருவர் முன்னிலையில் இருப்பார், சாயங்காலம் தோற்றும் போவார், அவரிடம் தலைமையும் இல்லை முதன்மையும் இல்லை. காலை 8 மணிக்குத் தபால் ஓட்டில் தொடங்கி, எந்திரங்களைத் திறந்து, சுற்றுச் சுற்றாக எண்ணும்போது டிவியின் அடியில் ஓடுமே ‘முன்னிலை’, அது நிமிஷத்துக்கு நிமிஷம் கை மாறுகிற சாமான். ‘212 ஓட்டில் லீடிங்’ என்ற பொருளில் ஒரு ஆங்கில வாக்கியத்தை ஆப்பிடம் கொடுத்தேன், ‘212 வாக்குகளால் வழிநடத்துகிறார்’ என்றது. யாரை வழிநடத்துகிறார், எங்கே கூட்டிக்கொண்டு போகிறார்?

இன்னொன்று கிரிக்கெட். 2001இல் கல்கத்தா ஈடன் கார்டன்ஸ் டெஸ்ட், ஆஸ்திரேலியா 445, இந்தியா 171. அதாவது முதல் இன்னிங்ஸில் 274 ரன் லீட், இருநூறைத் தாண்டிவிட்டதால் ஃபாலோ ஆன் கொடுத்தார்கள். அப்புறம் லக்ஷ்மண் 281, திராவிட் 180, இந்தியா 657க்கு 7 டிக்ளேர், கடைசியில் நம்மாட்கள் 171 ரன்னில் ஜெயித்தார்கள். அந்த 274ஐ நான் படித்த தமிழ்ப் பேப்பர் ‘முன்னிலை’ என்று எழுதியது, டீக்கடையில் ‘லீட்’ என்றார்கள், யாரும் ‘தலைமை’ என்று சொல்லவில்லை. இந்தப் போட்டியைப் பற்றிய ஆங்கிலப் பத்தி ஒன்றை ஆப்புக்குக் கொடுத்தால் முதல் வரியில் ‘முன்னிலை’ என்று சரியாகச் சொல்லிவிட்டு, நாலு வரி தள்ளி அதே லீடை ‘274 ஓட்டத் தலைமை’ ஆக்கிவிட்டது. ஒரே பத்திக்குள்ளேயே முன்னால் சொன்னது பின்னால் நினைவில் இல்லை.

அடுத்தது ‘முன்னணி’. பலர் இதையும் முன்னிலையையும் ஒன்றாக நினைக்கிறார்கள், ஆப்பும் அப்படித்தான் நினைக்கிறது. முன்னணி என்றால் முன் வரிசை, அணி என்ற சொல்லே உள்ளே இருக்கிறதே, அதில் பத்துப் பேர் இருக்கலாம். முன்னிலையில் ஒருவர்தான் இருக்க முடியும், சமமாக இருந்தால் அதன் பெயரே வேறு. வேலை விளம்பரங்களில் ‘சென்னையில் உள்ள முன்னணி நிறுவனத்துக்கு ஆட்கள் தேவை’ என்று வருமே, எல்லாருமே முன்னணி, பின்னணியில் இருக்கும் நிறுவனம் ஒன்றைக்கூட நான் விளம்பரத்தில் பார்த்ததில்லை. பின்னணி என்பதைச் சினிமாப் பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சினிமா என்றதும் ஞாபகம் வருகிறது, இந்த ஆப் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேலையை வீணாக்கியது அங்கேதான். ஒரு படத்தின் பத்திரிகைக் குறிப்பைத் தமிழில் கொடுக்க வேண்டும், புதுமுகம் ஒருவர் ‘லீட்’ செய்கிறார். அவசரத்தில் ஆப் சொன்ன ‘முன்னணி நடிகர்’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன், தப்பு என் மேலும்தான். தயாரிப்பு ஆபீஸிலிருந்து போன் வந்தது, “மேடம், பையனுக்கு இதுதான் முதல் படம், முன்னணி நடிகர்னு போட்டா சிரிப்பாங்க” என்றார்கள். அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தமிழில் முன்னணி நடிகர் என்றால் மார்க்கெட் உள்ளவர், ஒரு படத்தில் பத்து நிமிஷம் கௌரவ வேடத்தில் வந்துபோனாலும் அவர் முன்னணி நடிகர்தான். படத்தின் ‘லீட்’ என்றால் கதாநாயகன். அதிலும் இப்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது, நகைச்சுவை நடிகரோ குணச்சித்திர நடிகரோ முழுப் படத்தையும் தாங்கினால் ‘கதையின் நாயகன்’ என்று போடுகிறார்கள், ஹீரோ என்ற பட்டத்தைக் கொடுக்காமல் வேலையை மட்டும் கொடுக்கிற சாமர்த்தியம். இந்த மூன்று சொல்லுக்கும் ஆப்பில் ஒரே விடை. சங்கப் பாட்டில் தலைவன், தலைவி என்று ரொம்ப அழகாக ‘லீட் ஜோடி’க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், யார் பேரும் தெரியாமல் கதை மட்டும் நடக்கும். இப்போது ‘தலைவன்’ என்று பத்திரிகைக் குறிப்பில் எழுதினால் ரசிகர் மன்றத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் கூத்து இன்னும் பெரிது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆண்டு விழா, அழைப்பிதழை வெளிநாட்டிலிருந்து நன்கொடை கொடுத்தவருக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார்கள். வழக்கமான அழைப்பிதழ்தான்: தலைமை ஒருவர், முன்னிலை மூன்று பேர், வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை. நம்மூர் அழைப்பிதழில் ‘முன்னிலை’ என்ற வரி எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். தலைமை ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும், கோபித்துக்கொள்ளக்கூடிய மற்ற மூன்று பேரை அந்த வரியில் உட்கார வைப்பார்கள், அவர்கள் வந்து மேடையில் அமர்ந்து சால்வை வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் இருக்கும்போது விழா நடக்கிறது என்பதுதான் அதன் பொருள், போட்டியில் முந்துகிறார்கள் என்பது இல்லை. ஆப்பில் கொடுத்தேன். மூன்று பேர் பெயருக்கும் முன்னால் ‘லீடிங்’ என்று போட்டுக் கொடுத்தது, அதில் ஒருவர் முன்னாள் கவுன்சிலர் வேறு. அவர் எந்தத் தேர்தலில் முந்துகிறார் என்று அந்த நன்கொடையாளர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்வது. இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று படித்தோமே, அந்த முன்னிலையும் எதிரே இருப்பவர்தான், ‘நீ’, ‘நீங்கள்’. ‘தமிழ் இலக்கணத்தில் முன்னிலை’ என்று கொடுத்தாலும் ஆப்புக்கு அதே ‘லீட்’தான். ஆக ‘முன்னிலை’க்கு மூன்று பொருள், ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வேலை ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈசிஜி எடுக்கப் பழகுகிறவர்களுக்கான குறிப்பு, என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஆப்பில் போட்டு வரைவு எடுத்துத் திருத்த அனுப்பியிருந்தார். ‘தலைவர்களை நோயாளியின் மார்பில் சரியான இடத்தில் ஒட்டவும்’ என்று இருந்தது. தேர்தல் சமயத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது மாதிரி. நர்ஸுகள் ‘லீட் ஒட்டு’ என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே ‘லீட்’ என்று விட்டுவிடலாம், ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு: 12 லீட் ஈசிஜி என்பார்கள், உடம்பில் ஒட்டுவது 10 இடம்தான், கைகாலில் நாலு, நெஞ்சில் ஆறு. லீட் என்பது ஒட்டும் கம்பிக்கும் பெயர், இதயத்தை ஒரு திசையிலிருந்து பார்க்கும் கணக்குக்கும் பெயர், அதனால்தான் எண்ணிக்கை பொருந்தாது. இந்த அளவுக்கு அகராதி சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தலைவரை ஒட்டாமல் இருந்தால் போதும்.

கோர்ட்டு மொழியில் ‘லீடிங் கொஸ்டின்’ என்று ஒன்று இருக்கிறது, ஆப் ‘முன்னணிக் கேள்வி’ என்கிறது. கேட்கிறவர் விரும்பும் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது அது, 1872 சாட்சியச் சட்டத்திலேயே இதற்கு விளக்கம் எழுதி, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், சாட்சியை அழைத்த தரப்பே செய்யும் முதல் விசாரணையில் கேட்கக் கூடாது, குறுக்கு விசாரணையில் கேட்கலாம் என்று வரையறுத்திருந்தார்கள். ‘லீட் டைம்’ ஆப்பில் ‘முன்னணி நேரம்’, கம்பெனிகளில் ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு கைக்கு வருகிறவரை ஆகும் நாள். ஐடி கம்பெனி ‘லீட்’ தமிழாகவே ஆகிவிட்டது, ‘என் லீட் லீவு தர மாட்டேங்கிறார்’ என்று பழைய மகாபலிபுரம் ரோட்டில் நிற்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், அதைக் ‘குழுத் தலைவர்’ என்று மாற்றினால் அவர்களுக்கே புரியாது.

எனக்குச் சொந்தமாக வலித்த இடம் ஒன்று உண்டு. அப்பா, காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் பிரஸ்ஸில் கம்பாசிட்டர். அச்சு எழுத்துகளைக் கோத்து ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்கு முன்னால் மெல்லிய ஈயத் தகடு ஒன்றை வைப்பார், அதற்கு ‘லெட்’ என்றே பெயர். ரெண்டு பாயின்ட் லெட் போட்டால் வரிகளுக்கு நடுவே மூச்சு விட இடம் கிடைக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விரல் நுனி கறுத்திருக்கும், சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் எங்களைத் தொடுவார். இன்றைக்கு கம்ப்யூட்டரில் வரி இடைவெளிக்கு அதே பெயர்தான், ‘லெடிங்’ என்று வாசிக்க வேண்டும், நம்மூர் டிடிபி பையன்கள் ‘லீடிங்’ என்கிறார்கள், பரவாயில்லை. ஆப் அதை, ‘வரிகளுக்கிடையே முன்னணியை அதிகரிக்கவும்’ என்றது. மனிதர் கை கறுக்க வைத்த தகடு முன்னணி ஆகிவிட்டது.

பழைய தமிழில் முன்னால் போகிறவனுக்கு இருக்கும் சொற்கள் இந்த ஆப்பில் கிடைக்குமா என்றும் பார்த்தேன். படையின் முன்வரிசைக்குத் தூசி என்று பெயர், தார் என்றும் சொல்வார்கள், குறளில் படைமாட்சியில் வரும் தாருக்குப் பரிமேலழகர் தூசி என்றுதான் பொருள் கொள்கிறார். ஆப்பில் தூசி என்றால் பெருக்கித் தள்ளும் தூசி மட்டும், தார் என்றால் ரோட்டுத் தார், வாழைத்தார்கூட இல்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாகப் போட்ட தமிழ் லெக்சிகனில் இவை எல்லாம் வரிசை எண் போட்டு, எது எந்த நூலில் வருகிறது என்ற குறிப்போடு இருக்கின்றன, அது இணையத்தில் இலவசம். பார்க்க அழகில்லை, தேடுவதற்குக் கொஞ்சம் பழக வேண்டும், ஆங்கிலம்–தமிழுக்கு நேரடியாக உதவாது. ஆனால் ஒரு சொல்லுக்கு ஏழு பொருள் என்றால் ஏழையும் ஏழாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று அந்தக் காலத்துப் பண்டிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் பாட்டி ‘முன் ஏர் போன வழியே பின் ஏர்’ என்பார், ஆப் செய்தவர்கள் இந்த முன் ஏரைத் திரும்பிப் பார்த்திருந்தாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

ஆப்புக்குள்ளேயே ‘திருத்தம் சொல்ல’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. ஈயச் சொம்பு, முன்னிலை, ஈசிஜி மூன்றையும் எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது, கனிவான பதில், தமிழிலேயே. ஈயச் சொம்பை மட்டும் திருத்திவிட்டார்கள், இப்போது ‘டின்’ என்று வருகிறது, அதற்கு நன்றி. முன்னிலை பரிசீலனையில் இருக்கிறதாம்.

யார் வாங்கலாம் என்று கேட்டால், ஆங்கிலப் பேப்பர் படிக்கும்போது தெரியாத சொல்லை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சரி, காற்புள்ளி வரிசையில் எது பொருந்தும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டாம், ‘லீட்’டின் இறந்தகாலம் எல், இ, டி என்று மூன்றே எழுத்து என்பதைக்கூட எங்கேயோ அடியில் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள், ‘ரீட்’ ‘ரெட்’ மாதிரி எழுத்து மாறாது என்று நினைத்துப் பெரியவர்களே தப்பாக எழுதுகிற இடம் அது. மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைக்கிறவர்கள் முழு வாக்கிய வசதியைத் தொடவே வேண்டாம். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை, அந்த அரை பெரிய எழுத்துக்காக. வாங்குகிறவர்கள் முதல் நாளே அமைப்புகளுக்குள் போய்ச் சந்தா தானாகப் புதுப்பிக்கும் குறியை எடுத்துவிடுங்கள், அடுத்த பொங்கலுக்கு 499 இல்லை, முழு 999 எடுப்பார்கள், அது கணக்குப் பக்கத்தில் மூன்றாவது திரையில் ஒளிந்திருக்கிறது.